மீட்ட குடும்பம் ராத்திரி எங்கே படுக்கும்?

செங்கல் சூளையிலிருந்தோ மரம் வெட்டும் இடத்திலிருந்தோ அதிகாரிகள் கொத்தடிமையாக இருந்த ஒரு குடும்பத்தை மீட்டு வண்டியில் ஏற்றும்போது, அந்தக் குடும்பம் கேட்கும் முதல் கேள்வி, "வாங்கின அட்வான்ஸ் என்னாகும்?" அடுத்தது, "ராத்திரிக்கு எங்க படுக்கிறது?" முதல் கேள்விக்கு 1976-லேயே பதில் எழுதிவைத்துவிட்டார்கள். கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின் 6-வது பிரிவுப்படி அந்தக் கடன் ஒழிந்துவிட்டது. ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. அதைத் திரும்ப வாங்குகிறவருக்குத்தான் தண்டனை. இரண்டாவது கேள்விக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பதில் தேட வேண்டியிருக்கிறது.

நான் திருவள்ளூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கங்களில் மீட்கப்பட்ட குடும்பங்களோடு வேலை செய்பவள். பெரும்பாலும் இருளர் குடும்பங்கள், கொஞ்சம் ஆதிதிராவிடர் குடும்பங்கள், சில சமயம் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். புகார் கொடுப்பது, அதிகாரிகளோடு சோதனைக்குப் போவது எல்லாம் வேறு ஆட்கள் பார்ப்பார்கள். ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலக வாசலில் குடும்பங்கள் வந்து இறங்கிய பிறகு நடப்பதெல்லாம் என் பாடு: தங்க இடம், சாப்பாடு, சான்றிதழ், ரேஷன், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பட்டா. மீட்பு அன்று பேப்பரில் செய்தி வரும். அதற்கப்புறம் நடப்பதை யாரும் எழுதுவதில்லை என்பதால் எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும், "சமுதாயக் கூடத்தைத் திறந்து வைங்க" என்று சாயங்காலம் திடீரென போன் வரும் வி.ஏ.ஓ.க்களுக்கும் ஊராட்சிச் செயலாளர்களுக்கும் இது உதவலாம்.

தங்க இடம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் உண்டு. அட்வான்ஸ் வாங்கிய குடும்பத்துக்குச் சூளையிலேயே ஒரு குடிசை கொடுப்பார்கள். செங்கல் அறுக்கும் களத்துக்குப் பக்கத்திலேயே, சுடாத பச்சைக் கல்லை அடுக்கி மேலே தகரமோ கீற்றோ போட்டது. குனிந்துதான் உள்ளே போக முடியும். அதில் இருக்கும்வரை முதலாளி எந்த நேரத்திலும் எழுப்பலாம். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று, வேலைக்கு ஆள் பிடித்து வரும் மேஸ்திரி உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். சொந்த ஊரில் இருந்ததும் ஏரிக்கரையிலோ ஓடைப் புறம்போக்கிலோ போட்ட குடிசைதான். பட்டா கிடையாது. ஒரு மழைக்காலம் ஆளில்லாமல் கிடந்தால் விழுந்துவிடும். ஆக, "மீட்கப்பட்டவர்கள் சொந்த ஊருக்கு அனுப்பி வைக்கப்பட்டனர்" என்று படித்தால், அந்த ஊரில் அவர்களுக்கு நிற்க ஒரு இடம் இருக்கிறதா என்றுதான் எனக்கு உடனே தோன்றும். இடமில்லாத குடும்பத்துக்கு அடுத்த அட்வான்ஸோடு வரும் குடிசைதான் வீடு.

சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. கொத்தடிமை வேலைக்கு ஈடாகக் குடியிருந்த வீட்டிலிருந்தோ மனையிலிருந்தோ விடுவிக்கப்பட்டவரை வெளியேற்றக் கூடாது என்று 8-வது பிரிவு சொல்கிறது. சூளைக் குடிசைக்கு இது அவ்வளவாக உதவாது, அங்கே திரும்பிப் போக யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் தோப்பிலும் பண்ணையிலும் இரண்டு தலைமுறையாகக் குடியிருந்த குடும்பங்களுக்கு இது பெரிய பிடிமானம். அப்படிப்பட்ட இடத்தில் மீட்பு நடந்தால், "காலி பண்ணச் சொல்லுங்க" என்று யார் கேட்டாலும் இந்தப் பிரிவைச் சொல்லி எழுத்தில் மனு கொடுத்துவிடுங்கள். பல அலுவலகங்களில் இந்தப் பிரிவு இருப்பதே ஞாபகம் இருக்காது.

சரி, முதல் ராத்திரி. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரணை காலையில் தொடங்கினாலும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வாக்குமூலம் வாங்கி முடிக்க இருட்டிவிடும். குழந்தைகள் வராந்தாவிலேயே தூங்கிப்போவார்கள். வெளியே டீக்கடையில் மேஸ்திரியின் சொந்தக்காரர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் இடம் தேட ஆரம்பித்தால் கிடைக்காது. காலையிலேயே முடிவு செய்து, ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். சமுதாயக் கூடம், லீவு நாளாக இருந்தால் பள்ளிக்கூடம், கடலோரமாக இருந்தால் புயல் பாதுகாப்பு மையம், எதுவானாலும் பரவாயில்லை. பார்க்கப் போகிறவர் முதலில் கழிவறைக்குப் போகட்டும். உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, லைட் எரிகிறதா, தண்ணீர் வருகிறதா? பெண்கள் ராத்திரி முழுக்க அடக்கிக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், கழிவறைக்குக் கதவு சரியில்லாததால்.

வெளியிலிருந்து கேட்டைப் பூட்டக் கூடாது. பாதுகாப்புக்காகத்தான் என்று நமக்குத் தெரியும். அவர்களுக்கு இன்னொரு பூட்டு, அவ்வளவுதான். பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சாவி உள்ளே இருக்கட்டும், அவர்களில் ஒரு பெண்ணிடம் கொடுத்துவிடுங்கள். போலீஸ் காவல் போட்டால், ஏன் போட்டிருக்கிறோம், யாரைத் தடுக்க என்று வந்தவுடனேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் தங்களைப் பிடித்துவைக்கத்தான் போலீஸ் என்று நினைப்பார்கள். இருளர் குடும்பங்களுக்குப் போலீஸோடு இருக்கும் பழைய அனுபவம் அப்படி. திருட்டு நடந்தால் விசாரிக்காமலே இருளர்களைத் தூக்கிக்கொண்டு போவதை எதிர்த்துத் திண்டிவனத்தில் பேராசிரியர் கல்யாணி போன்றவர்கள் எத்தனையோ வருஷம் போராடியிருக்கிறார்கள்.

அன்றிரவு துணைக்குப் படுக்க, முன்பு மீட்கப்பட்டு இப்போது நிலையாக வாழும் ஒரு பெண்மணி வந்தால் மிகவும் நல்லது. விடுவிக்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர்களுக்கென்றே ஒரு சங்கம் வட மாவட்டங்களில் இருக்கிறது. அதிலிருந்து ஆட்கள் வருவார்கள். நான் சட்டப் பிரிவுகளைச் சொல்லும்போது மரியாதைக்குத் தலையாட்டுகிறவர்கள், "நானும் உன்னாட்டம் அட்வான்ஸ் வாங்கித்தான் இருந்தேன், இப்ப கட்டல, ஒண்ணும் ஆகல" என்று ஓர் ஆயா சொன்னதும் நிமிர்ந்து உட்கார்வார்கள். அதற்கப்புறம்தான் சாப்பாடே இறங்கும்.

சாமான்கள் விஷயத்தைப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கட்டிய துணியோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். சூளைக் குடிசையில் பானை, பாய், ஆதார் அட்டை, பிள்ளையின் தடுப்பூசி அட்டை, நாலு கோழி, ஒரு நாய் எல்லாம் அப்படியே இருக்கும். கோழியும் ஆடும் அவர்களுடைய சேமிப்பு. நாயும் எலி பிடிக்கிற கிட்டியும் பிழைப்புக்கான கருவி. மறுநாளே வருவாய்த் துறை ஆள் ஒருவரோடு ஒரு வண்டி போய் எல்லாவற்றையும் எடுத்து வர வேண்டும். நாலு நாள் கழித்துப் போனால் எதுவும் இருக்காது. ரேஷன் கார்டு முதலாளியிடம் இருந்தால், வாக்குமூலத்திலேயே அதைச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கார்டைப் பிடித்துவைத்ததும் சாட்சியம்தான். வண்டியில் கோழிக் கூடையைப் பார்த்ததும் சிரித்த முகங்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. அன்று காலையில்தான் அந்தக் குழந்தைகள் கூடத்துக்குள் ஓடி விளையாட ஆரம்பித்தார்கள்.

சான்றிதழுக்கு வருவோம். கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான விடுதலைச் சான்றிதழைக் குடும்பத்துக்கு ஒன்று என்று கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கணவன், மனைவி, வேலை செய்த பிள்ளை என ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டும், ஏனென்றால் பண உதவி ஆள் கணக்கில்தான் வரும். பெயர், அப்பா பெயர், வயது மூன்றும் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் பேங்கில் கணக்குத் தொடங்குவதிலிருந்து எல்லாம் நிற்கும். ஆதாரே இல்லாதவர்கள் நிறைய இருப்பார்கள். அவர்களுக்குச் சான்றிதழையே அடையாளமாகக் காட்டி எடுக்க முயற்சி செய்யலாம்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழைக் கொடுப்பதும் ஆர்.டி.ஓ. அல்லது சார் ஆட்சியர்தான். விடுதலைச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் அதே மேசை. தனியாக விண்ணப்பித்து வருஷக்கணக்கில் அலையும் குடும்பங்கள் இருக்கின்றன. மீட்பு நடந்த வாரத்தில், குடும்பம் அலுவலகத்தில் இருக்கும்போதே, அதிகாரியின் மனசும் இளகியிருக்கும்போதே, இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். அந்த ஒரு காகிதம் இருந்தால்தான் பிள்ளைகளுக்குப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியும் உதவித்தொகையும், பெரியவர்களுக்கு வீட்டுத் திட்டமும் கிடைக்கும்.

மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டப்படி உடனடி உதவி ஆளுக்கு 30,000 ரூபாய் வரை. 2016-ல் 20,000 என்று இருந்ததை 2022-ல் கூட்டினார்கள். இதற்கு வழக்கு முடிய வேண்டும் என்பதில்லை. இதற்காகவே ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது 10 லட்சம் ரூபாய் நிரந்தர நிதி வைத்திருக்க வேண்டும் என்றும் திட்டம் சொல்கிறது. "மேலேருந்து பணம் வரட்டும்" என்று யாராவது சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள். மீதித் தொகை ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், கடத்தலோ பாலியல் கொடுமையோ நடந்த கடுமையான வழக்குகளில் 3 லட்சம். அது வழக்கோடு இணைந்தது. எப்போது வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்தப் பணத்தை நம்பி இப்போதே கடன் வாங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை நான் ஒவ்வொரு குடும்பத்திடமும் பல தடவை சொல்வேன்.

"கையில் பணம் கொடுத்தால் குடித்தே அழித்துவிடுவார்கள்" என்று சொல்கிற அதிகாரிகளோடு எனக்குத் தீராத சண்டை உண்டு. நான் பார்த்தவரை அந்தப் பணத்தில் முதலில் குடிசைக்குத் தார்ப்பாயோ தகரமோ வாங்குகிறார்கள். அப்புறம் மளிகைக்கடைப் பாக்கி, அடகு வைத்த மூக்குத்தி, இரண்டு ஆடு. குடிக்கிற ஆண்கள் இல்லை என்று சொல்லமாட்டேன். அதற்கு வழி, பெண்ணின் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி அவளுடைய தொகை அவளிடமே போய்ச் சேரும்படி செய்வது. பணம் வருவதற்கு முன்னால் குடும்பமாக உட்கார்ந்து என்ன செய்யலாம் என்று பேச வைத்தால் போதும். முடிவு அவர்களுடையது. பல வருஷமாக அவர்களுக்காக இன்னொருவர் முடிவெடுத்துக்கொண்டிருந்தார், அந்த இடத்தில் நாம் போய் உட்காரக் கூடாது.

காப்பகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூற்பாலை விடுதியிலிருந்து தப்பி வந்த தனிப் பெண், வீட்டு வேலைக்கு என்று கூட்டிப்போய் அடைத்துவைக்கப்பட்ட சிறுமி, பாலியல் வன்முறைக்கு ஆளானவர், இவர்களுக்குக் காப்பகம் தேவைப்படலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு போன் செய்தால் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொல்வார்கள். பெண்களுக்கான ஸ்வாதார், உஜ்வாலா இல்லங்களை ஒன்றாக்கிய சக்தி சதன்கள் நீண்ட நாள் தங்குவதற்கு இருக்கின்றன. குழந்தை என்றால் 1098. ஆனால் குடும்பமாக மீட்கப்பட்டவர்களை அம்மா ஒரு இல்லம், பிள்ளைகள் ஒரு இல்லம், அப்பா ஊர் என்று பிரிப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சூளையில் அவர்கள் உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்ததே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்ததால்தான். குழந்தைகள் நலக் குழு முன்னால் பிள்ளைகளை நிறுத்த வேண்டி வந்தால், பெற்றோரும் கூடவே போகட்டும். குடும்பம் தங்கியிருக்கும் இடத்தின் விவரம், பொறுப்பேற்கும் உறவினர் யார் என்பதையெல்லாம் எழுதித் தயாராகக் கொண்டுபோனால், பிள்ளைகள் பெற்றோரோடு திரும்புவது எளிதாகும்.

உடம்பும் மனசும் தேறுவது மெதுவாகத்தான் நடக்கும். கல் அறுக்கும் வேலை நள்ளிரவு தாண்டியதும் தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் கணக்கு முடிக்க வேண்டும். அதனால் மீட்கப்பட்டு மாதக்கணக்கில் ஆன பிறகும் ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு விழிப்பு வந்து எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். "ஏன்க்கா தூங்கல?" என்று கேட்டால், "லேட்டாச்சோன்னு பயந்துட்டேன்" என்பார்கள். டீக்கடைக்குப் போகக்கூட நம்மிடம் அனுமதி கேட்பார்கள். "போகட்டுமா மேடம்?" என்று கேட்கும்போது "போங்க" என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அப்படிச் சொல்வதில்லை. "அது உங்க இஷ்டம்க்கா, என்கிட்ட கேக்க வேணாம்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். நாள் போகப்போகக் கேட்பது குறையும்.

நாற்காலியில் எதிரெதிரே உட்காரவைத்து "மனசு விட்டுப் பேசுங்க" என்றால் இவர்களிடம் ஒரு வார்த்தை வராது. அரிசி புடைக்கும்போது, சுள்ளி பொறுக்கும்போது கூடவே உட்கார்ந்தால் தானாக வரும். பேச்சு வரும்போது குறிப்பேட்டை வெளியே எடுக்காதீர்கள். தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போகலாம்போல இருக்கிறது என்று சொன்னால் காத்திருக்கக் கூடாது. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை, கர்ப்பிணிகளுக்கு உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு. இவை முதல் வாரத்திலேயே முடிந்துவிட வேண்டும்.

ஒடிசாவின் பலாங்கிர், நுவாபாடா மாவட்டங்களிலிருந்து வரும் குடும்பங்களுக்கு வேறு சிக்கல். மொழிபெயர்க்க அவர்களைக் கூட்டிவந்த சர்தாரையே நிறுத்திவிடுவார்கள். அதை எப்படியாவது தடுங்கள். பக்கத்துக் கல்லூரியிலோ ரயில்வேயிலோ ஒடியா தெரிந்தவர் கிடைப்பார். விடுதலைச் சான்றிதழ் மீட்ட மாவட்டத்திலேயே கொடுக்கப்பட வேண்டும். சான்றிதழ் கைக்கு வராமல் ரயில் ஏறினால் ஊரில் போய் எதுவும் கேட்க முடியாது.

இனி மழைக்காலம். மீட்கப்பட்ட குடும்பம் திரும்பவும் அட்வான்ஸ் வாங்குகிறதா இல்லையா என்பதை ஐப்பசி, கார்த்திகை மாதங்கள்தான் தீர்மானிக்கின்றன. அப்போது வயல் வேலை குறைவு, விறகு நனைந்து கிடக்கும், ஏரி நிரம்பிவிட்டால் எலி பிடிக்கவும் முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். கூரை ஒழுகும். பொங்கலை ஒட்டி ஆரம்பிக்கும் சூளைப் பருவத்துக்கு ஆள் பிடிக்க, மேஸ்திரி அந்த நேரம் பார்த்துத்தான் ஊருக்குள் வருவார். பத்தாயிரம் ரூபாயைக் கையில் வைத்துவிட்டு "எப்ப முடியுமோ அப்ப வாங்க" என்பார். கனிவாகத்தான் பேசுவார். பெரும்பாலும் சொந்தக்காரராகவே இருப்பார். அவரைத் திட்டித் துரத்துவது ஒரு நாளைக்கு உதவும். அந்த இரண்டு மாதமும் அடுப்பு எரிய வழி இருந்தால்தான் குடும்பத்தால் "வேணாம்ணா" என்று சொல்ல முடியும்.

அதனால் என் வருஷக் கணக்கு ஆடியிலேயே தொடங்கும். மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா ரேஷன் கார்டு வந்துவிட்டதா? வந்தால் மாதம் 35 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கும். சாதாரண கார்டு கொடுத்திருந்தால் மாற்றச் சொல்லி மனு. நூறு நாள் வேலை அட்டை பதிவாகிவிட்டதா, மழைக்கு முன்னால் செய்த வேலைக்குக் கூலி ஏறிவிட்டதா? கூரைக்குத் தார்ப்பாய் இருக்கிறதா? பெண்கள் குழுவில் சின்னச் சேமிப்பு இருந்தால், காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் ஐந்நூறு, ஆயிரம் அங்கேயே எடுக்கலாம். கொத்தடிமைக் கடன்களின் கதையைக் கேட்டால் பெரும்பாலும் ஆஸ்பத்திரிச் செலவிலும் சாவுச் செலவிலும்தான் தொடங்கியிருக்கும். எத்தனையோ பேர் பெரிய பெரிய தொழில் பயிற்சிகளுக்குப் பணம் செலவழிக்கிறார்கள். அதில் ஒரு பங்கை இந்த இரண்டு மாதத்துக்கு ஒதுக்கினாலே போதும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வீட்டுக்கு வருகிறேன். 1984-ல் நீரஜா சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம், கொத்தடிமைகளைக் கண்டுபிடித்து விடுவிப்பதோடு பொருத்தமான மறுவாழ்வும் கொடுக்க வேண்டும், அது அரசியல் சாசனத்தின் 21, 23-வது பிரிவுகள் கேட்பது என்று சொல்லிவிட்டது. மறுவாழ்வுத் திட்டத்திலும் வீட்டுமனை, வீடு, நிலம் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. நடைமுறையில் மனைப் பட்டா வாங்குவதுதான் இருப்பதிலேயே நீளமான வேலை. பட்டா கைக்கு வந்த பிறகும் வேலை முடிவதில்லை. இடம் எங்கே என்றே காட்டாத பட்டாக்கள் ஏராளம். லேமினேட் செய்து டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார்கள், மனை எந்தப் பக்கம் என்று தெரியாது. சர்வேயர் வந்து அளந்து, கல் நட்டு, குடும்பம் அந்த மண்ணில் நிற்கும்வரை விடாதீர்கள். பட்டா பெண்ணின் பெயரில் இருக்கட்டும்.

இடத்தைக் குடும்பங்கள் முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்வேன். தண்ணீர் எவ்வளவு தூரம், பள்ளிக்கூடம் எங்கே, விறகும் கீரையும் கிடைக்குமா, பக்கத்து ஊர்க்காரர்கள் வழியில் நடக்க விடுவார்களா, பழைய முதலாளியின் ஊர் எத்தனை தூரம்? அதிகாரிக்கு வரைபடத்தில் நல்ல இடமாகத் தெரிவது அவர்களுக்கு நடுக்காடாக இருக்கும். உறவுமுறைக் குடும்பங்கள் சேர்ந்து குடியேறினால் நிலைக்கிறார்கள், தனியாக ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய் வைத்தால் சீக்கிரமே கிளம்பிவிடுகிறார்கள்.

எல்லாம் சேர்ந்து அமைந்த இடங்களும் உண்டு. வந்தவாசி பக்கம் மீசநல்லூரில் நூறு இருளர் குடும்பங்களுக்காக அப்போதைய திருவண்ணாமலை ஆட்சியர் கந்தசாமியின் காலத்தில் அமைந்த அப்துல் கலாம் புரத்தில், வீட்டோடு மாட்டுக் கொட்டகை, பிழைப்புக்கான தொழில் கூடங்கள் எல்லாம் சேர்த்தே யோசித்திருந்தார்கள். திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் மீட்கப்பட்டவர்களே நடத்தும் 'சிறகுகள்' செங்கல் சூளையைத் தொடங்க உதவியது. சூளையில் அடிமையாக இருந்தவர்களுக்குத் திரும்பவும் சூளையா என்று சிலர் கேட்டார்கள். எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. கல் அறுப்பது அவர்களுக்குக் கைவந்த தொழில், அதன் லாபம் இதுவரை அவர்களிடம் வந்து சேரவில்லை என்பதுதான் பிரச்சினை. மிகவும் பின்தங்கிய பழங்குடிகளுக்காக மத்திய அரசு 2023-ல் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டத்திலும் வீடு கேட்கலாம். தமிழ்நாட்டில் அந்தத் திட்டத்துக்குள் வரும் ஆறு பழங்குடிகளில் இருளரும் உண்டு.

போட்டோ விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை மீட்டபோது, ஒரு முதியவர் தாசில்தாரின் காலில் விழுந்த படம் நாடு முழுக்கப் போனது. அந்தப் படத்தால் பலருக்கு இந்தக் கொடுமை தெரியவந்தது, உண்மைதான். ஆனாலும் ஒரு மனிதர் தன் வாழ்க்கையில் மிகவும் உடைந்து நின்ற நொடியே அவருடைய அடையாளமாகிவிடக் கூடாது. மீட்பு நாளில் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். பிள்ளைகளை எடுக்கவே எடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் போட்ட படம் மேஸ்திரியின் போனுக்கும் போகும், எந்த ஊரில் தங்கவைத்திருக்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். வழக்கு நடக்கும்போது சமாதானம் பேச ஆள் வருவது அப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஆள் வந்தால் தேதியோடு எழுதிவைத்து, அரசு வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100.

ஒரு குடும்பம் தேறிவிட்டது என்று நான் எதை வைத்துச் சொல்வேன் என்று சிலர் கேட்பார்கள். படிவங்களில் வருமானம், பள்ளிச் சேர்க்கை என்றெல்லாம் கட்டங்கள் இருக்கும், அவற்றையும் நிரப்புகிறேன். நான் உண்மையில் பார்ப்பது மாசி மகத்தை. மாசி மகப் பௌர்ணமிக்கு இருளர்கள் எங்கெங்கிருந்தோ மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து, சேலையால் கூடாரம் கட்டித் தங்கி, விடிகாலையில் கன்னியம்மாவைக் கும்பிடுவார்கள். கல்யாணப் பேச்சு, காதுகுத்து எல்லாம் அங்கேதான் நடக்கும். மாசி என்றால் சூளை முழு மூச்சாக நடக்கும் நேரம், அட்வான்ஸில் இருப்பவர்களை முதலாளி விடமாட்டார். வருஷக்கணக்கில் போகாமல் இருந்த குடும்பம் யாரையும் கேட்காமல் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறினால், இவர்களைப் பற்றி இனி கொஞ்சம் குறைவாகக் கவலைப்படலாம் என்று எடுத்துக்கொள்வேன்.

கடைசியாக, உங்கள் ஊர்ப்பக்கம் இப்படி யாராவது இருப்பதாகச் சந்தேகம் வந்தால் என்ன செய்வது? சங்கிலி போட்டுக் கட்டியிருக்க வேண்டும் என்றில்லை. முன்பணம் வாங்கியிருக்கிறார்கள், அதற்காகக் குறைந்தபட்சக் கூலி இல்லாமல் உழைக்கிறார்கள், அல்லது வேறு வேலைக்குப் போக முடியவில்லை, அல்லது விருப்பப்படி வெளியே போய்வர முடியவில்லை. முன்பணத்தோடு மற்ற மூன்றில் ஒன்று இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது கொத்தடிமைத்தனம்தான். அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு 15-வது பிரிவின்படி முதலாளியுடையது. நீங்களே போய் அந்தக் குடும்பத்திடம் விசாரிக்காதீர்கள். அன்றிரவே அவர்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். மாவட்ட ஆட்சியருக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் எழுத்தில் கொடுங்கள். இடத்துக்கு எப்படிப் போவது, சுமார் எத்தனை பேர், எத்தனை குழந்தைகள், எந்த மொழி பேசுகிறார்கள், கர்ப்பிணியோ நோயாளியோ இருக்கிறார்களா என்று எழுதுங்கள். மனுவின் கடைசியில், மீட்கும் நாளில் இவர்கள் தங்குவதற்கு இடமும் பெண்களுக்குக் கழிவறை வசதியும் ஏற்பாடு செய்யக் கேட்டுக்கொள்கிறேன் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.